குரலை விற்றவர், பாட்டை வாங்கியவர்

திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் விருத்தாசலத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. சுந்தரர் இவ்வூர்ப் பழமலைநாதரைப் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்றார். அப்பொன் திருவாரூரில் கிடைக்கவேண்டும் என்று வேண்டினார். மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுப் போய்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்றது இறைவன் குரல். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடினாற் போல' என்ற பழமொழியின் பின்னால் இருப்பது இந்தக் கதைதான். கதையில் நம்மவர்கள் அதிகம் பேசாத ஒரு நுட்பம் உண்டு. ஆற்றில் இடுவதற்குமுன் சுந்தரர் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். மச்சம் என்றால் மாதிரிக்கு எடுத்துக்கொண்ட துண்டுப் பொன். திருவாரூரில் கிடைத்த பொன்னை அதனோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடித்தான் மாற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஓரிடத்தில் இட்டதை வேறோர் இடத்தில் எடுப்பது, எடுத்தது இட்டதற்கு நிகர்தானா என்று உரைத்துப் பார்ப்பது. இசைத்தட்டின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கல்கத்தாவிலோ சென்னையிலோ ஓர் அறைக்குள் பாடிய குரலை, பாடியவரை ஒருமுறையும் கண்டிராத ஒருவர் முதனை கிராமத்துத் திருமண வீட்டில் கேட்டார். இன்னொன்றும் உண்டு. விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடைக்கும் களிமண்ணும், அரசின் பீங்கான் தொழிற்பயிலகமும், சூளைகளுமாக வாழும் ஊர். இங்குள்ள மாணவர்களிடம் பழைய 78 சுற்று இசைத்தட்டு எதனால் ஆனது என்று கேட்டால் பிளாஸ்டிக் என்பார்கள். அது பெரும்பகுதி கல்மாவு. சிலேட்டுக்கல், சுண்ணாம்புக்கல் முதலியவற்றை மாவாக்கி, அரக்கைப் பிணைப்புப் பொருளாகச் சேர்த்து, கரியால் கறுப்பேற்றி, சூட்டில் அழுத்தி எடுத்தது. கீழே விழுந்தால் பீங்கான் தட்டைப் போலவே உடையும். அந்த அரக்கின் பெரும்பகுதி உலகத்துக்கே இந்தியக் காடுகளிலிருந்து போயிற்று.

இந்தக் கல்மாவுத் தட்டை விற்றுத் தொழில் தொடங்கி, திரைப்படத்துக்குப் போய், பாரதி பாடல்களின் ஒலியுரிமையை விலைக்கு வாங்கி, பிறகு அதை விலையின்றிக் கொடுத்த ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. ஏ.வி.மெய்யப்ப செட்டியாரைத் திரைப்பட முதலாளி என்றே எல்லோரும் அறிவோம். பராசக்தியை அறிவோம், கோடம்பாக்கத்து உருண்டையை அறிவோம். அவர் முதலில் ஒலி வணிகர், அதன் பிறகே பட வணிகர் என்பதைத் திரை வரலாறுகள் ஒரு பத்தியில் தாண்டிவிடுகின்றன. அந்த ஒரு பத்தியில்தான் அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் திறவுகோல் இருக்கிறது என்பது என் கருத்து.

1907ஆம் ஆண்டு காரைக்குடியில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவர் மெய்யப்பன். தந்தை அவிச்சி செட்டியார் நடத்திய கடையில் மற்றச் சரக்குகளோடு இசைத்தட்டும் விற்பனையாயிற்று. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது, இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. கிராமபோன் வராமல் இருக்குமா? வாங்கும் சக்தியுள்ள ஊரில் எந்தத் தட்டு விற்கிறது, எது தூசி படிந்து கிடக்கிறது என்பதை விற்பனை மேசைக்குப் பின்னால் நின்று ஓர் இளைஞர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறர் பதிவு செய்ததை வாங்கி விற்பதைவிட நாமே பதிவு செய்தால் என்ன என்ற எண்ணம் அங்கே பிறந்தது. நண்பர்களுடன் சேர்ந்து சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஜெர்மானிய நிறுவனமான ஓடியனுடன் இணைந்து தென்னிந்தியத் தட்டுகளைக் கொண்டுவந்தார். தட்டின் இரு பக்கங்களிலும் பாட்டைப் பதிந்து விற்கும் வழக்கத்தை 1904 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தது இந்த ஓடியன்தான். ஒரு தட்டின் விலைக்கு இரண்டு பாட்டு.

அன்றைய பதிவுத் தொழிலின் நிலையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் முதல் பதிவுகளைச் செய்தவர் கிராமபோன் கம்பெனியின் பிரெடரிக் கெய்ஸ்பெர்க். 1902இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். 1908இல் அதே கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அச்சிடும் ஆலை வந்தது. அதுவரை இங்கே பாடியது கடல் கடந்துபோய்த் தட்டாகித் திரும்பி வந்தது. தொடக்கத்தில் ஒலிவாங்கி கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் முகத்தை நுழைத்துக் கத்திப் பாடவேண்டும். 1925க்குப் பிறகு மின்பதிவு வந்ததும்தான் மெல்லிய குரலுக்கும் தட்டில் இடம் கிடைத்தது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம் ஓடும். ஒரு மணி நேரம் தோடி பாடுகிற வித்துவான் அந்த மூன்று நிமிடத்துக்குள் தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். சிலர் சிரமப்பட்டார்கள். சிலருக்கு அந்தச் சுருக்கமே வரமாயிற்று. மேடையில் நம்மால் பொறுமையாகக் கேட்க இயலாத சில பெரியவர்களின் மேதைமை அந்த மூன்று நிமிடத் தட்டுகளில்தான் செறிந்து கிடக்கிறது என்று சொன்னால் இசை அறிந்த நண்பர்கள் கோபிக்கக்கூடும். நான் இலக்கியக்காரன், வெண்பா நாலடியில் முடிவதைக் குறையென்று எண்ணாதவன்.

கச்சேரித் தட்டுகளைவிட நாடகத் தட்டுத் தொகுதிகளே சாதாரண மக்களிடம் சென்றன. பல தட்டுகள் சேர்ந்தது ஒரு நாடகம். தட்டு முடிந்ததும் ஒருவர் எழுந்து அடுத்ததைப் போட, வீடே மறுபடி அமைதியாகும். இதில் நடிகரின் முகம் இல்லை, உடை இல்லை, மேடை இல்லை. இராமனும் சீதையும் வெறும் குரல்களாக வந்தார்கள், கேட்டவர்கள் அழுதார்கள். முகமில்லாத குரலுக்கு மக்கள் அழுவார்கள் என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் இசைத்தட்டு வணிகர்களே. மெய்யப்பன் தம் வாழ்நாள் முழுவதும் மறக்காத பாடம் இது என்று நினைக்கிறேன்.

1931இல் காளிதாஸ் வெளிவந்து, படம் பேசத் தொடங்கியது. பேசிற்று என்பதைவிடப் பாடிற்று என்பதே பொருத்தம். பாடத் தெரிந்தவரே நடிகர். சென்னையில் பேசும்பட நிலையம் வருவதற்கு 1934 ஆயிற்று. அதன் பிறகும் தமிழ்ப்படங்கள் பல கல்கத்தாவிலும் பம்பாயிலும் எடுக்கப்பட்டன. சரஸ்வதி ஸ்டோர்ஸின் கிளையாக மெய்யப்பன் தொடங்கிய படக்கம்பெனி 1935இல் அல்லி அர்ஜுனா, ரத்னாவளி என இரு படங்களை எடுத்தது. இரண்டும் தோற்றன. பாட்டும் கூத்துமாகத் தட்டில் விற்றது திரையில் ஏன் விற்கவில்லை? காரணத்தை ஊகிப்பது கடினமன்று. தட்டில் குரல் மட்டும் இருந்தது, குறையைக் கேட்பவரின் கற்பனை நிரப்பிக்கொண்டது. திரையில் உடலும் வந்துவிட்டது. நல்ல குரலுக்கு நல்ல உடல் அமையவேண்டும், நல்ல உடலுக்கு நல்ல குரல். இரண்டும் ஒருவரிடம் இருப்பது அரிது.

அப்படியானால் பிரித்துவிடலாமே! இசைத்தட்டுக்காரருக்கு இது அதிர்ச்சி தரும் எண்ணமே அன்று. அவர் அதுவரை செய்துவந்ததே குரலை உடலிலிருந்து பிரித்துக் காகித உறையில் போட்டு விற்கும் வேலைதானே. 1935இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் தன் வங்காளி, இந்திப் படங்களில் பின்னணிப் பாட்டு முறையைக் கையாண்டிருந்தது. 1938இல் மெய்யப்பன் பிரகதி பிக்சர்ஸ் வழியாக எடுத்த நந்தகுமார் படத்தில் லலிதா வெங்கடராமன் என்ற பாடகியின் குரலை நடிகைக்குப் பொருத்தினார். தமிழ்த்திரையில் பின்னணிப் பாட்டின் தொடக்கமென்று திரை வரலாற்றாளர்கள் இதைக் குறிப்பார்கள். சிறுவன் டி.ஆர்.மகாலிங்கம் கண்ணனாகத் தானே பாடி நடித்த படமும் அதுவே. ஒரே படத்தில் பழைய உலகமும் புதிய உலகமும்.

பின்னால் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அவை ஒரே எண்ணத்தின் கிளைகள். கன்னட ஹரிச்சந்திராவுக்குத் தமிழ்க்குரல் கொடுத்து 1944இல் வெளியிட்டார். ஒருமொழி உடலுக்கு வேறுமொழிக் குரல். 1945இல் ஸ்ரீவள்ளி. கதாநாயகி ருக்மிணியின் பாட்டில் மனநிறைவு ஏற்படாமல், படம் எடுத்து முடித்த பிறகு பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து, உதட்டசைவுக்குப் பொருத்தி அந்தக் குரலை ஏற்றினார். படம் பெருவெற்றி பெற்றது. எடுத்த படத்தைக் கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் இந்த முடிவு வந்திராது. விற்பனை மேசைக்குப் பின்னால் நின்ற அந்தப் பழைய காது இது தேறாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் ஏவிஎம் நிறுவனம் பிறந்தது. போர்க்கால நெருக்கடி காரணமாகக் காரைக்குடி தேவகோட்டை சாலையில் கொட்டகைகள் போட்டுப் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். 1948இல்தான் கோடம்பாக்கம்.

குரலை உடலிலிருந்து பிரித்தாயிற்று. அடுத்தது, பாட்டைப் பாடலாசிரியனிடமிருந்து பிரிப்பது. இங்கேதான் பாரதி வருகிறார்.

பாரதி 1921இல் இறந்தார். அதற்கு ஓராண்டு முன்பு, கடையத்திலிருந்து தம் நூல்களை நாற்பது தொகுதிகளாக அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் செல்லும்படி விற்கப் பணம் வேண்டி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை எழுதியவர் அவர். அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. மறைவுக்குப் பின் மனைவி செல்லம்மாள் பாரதி ஆசிரமம் வைத்துப் பதிப்பிக்க முயன்றார். பிறகு பாரதியின் தம்பி சி.விசுவநாதன் முதலியோரின் பாரதி பிரசுராலயம் அப்பணியை ஏற்றது. முடிவில் உரிமையும் விசுவநாதனிடம் வந்து சேர்ந்தது. 1928இல் அரசு பாரதி பாடல் நூல்களைப் பறிமுதல் செய்ததும், சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி முழங்கியதும் பலரும் அறிந்தவை. அச்சு உரிமையின் கதை இது. ஒலி உரிமை தனிவழியில் போயிற்று. 1930களில் வானொலியிலும் இசைத்தட்டிலும் பாரதியைப் பயன்படுத்தும் உரிமையைச் சில நூறு ரூபாய்க்கு ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகர் வாங்கி வைத்துக்கொண்டார். நகைக்கடைத் தொழிலில் இருந்தவர். தமிழ்க் கவிஞனின் பாட்டு நாளை பொன் விளையும் நிலம் என்று தமிழ்ப் புலவர்கள் எவருக்கும் தோன்றாதபோது ஒரு குஜராத்திக்குத் தோன்றியிருக்கிறது!

1946இல் மெய்யப்பன் அந்த ஒலியுரிமையை ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினார். அடுத்த பொங்கலுக்கு நாம் இருவர் வந்தது. டி.கே.பட்டம்மாள் பின்னணியில் பாட, சிறுமி கமலா ஆடினார். விடுதலை கைக்கு வந்துவிட்டதாகவே எண்ணிப் பள்ளு பாடும் பாரதியின் பாட்டு, விடுதலைக்கு ஏழு மாதம் முன்பாகவே தமிழகத்துக் கொட்டகைகளில் ஒலித்தது. கச்சேரி மேடைகளிலும் காங்கிரஸ் கூட்டங்களிலும் மட்டும் வாழ்ந்த பாடல், அந்தப் படத்தாலும் தட்டாலும் பாமர வாய்க்கு வந்தது. பாரதியின் அந்த 1920ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் ஆசையை, மண்ணெண்ணெய் போல, தீப்பெட்டி போல என்ற ஆசையை, நிறைவேற்றியவர்களின் பட்டியலைப் போட்டால் மெய்யப்பனின் பெயரை விலக்க முடியாது. விலக்கவேண்டும் என்று நினைக்கும் தூய இலக்கிய நண்பர்கள், அவரவர் முதலில் பாரதியைக் கேட்டது எங்கே என்று நினைத்துப் பார்க்கட்டும். நான் கேட்டது ஒலிபெருக்கியில். மாசி மகத்தின்போது ஒரு சவுண்டு சர்வீஸ்காரர் கம்பத்தில் கட்டிய புனலில்.

ஆனால் வேலி போட்டவர் வேலியைத் தாண்டி வருபவரைத் தடுத்தே தீர்வார். 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் பில்ஹணன் திரைப்படமாகியது. அதில் பாரதி பாடல் ஒன்று இடம்பெற்றது. உரிமை தம்முடையது என்று மெய்யப்பன் வழக்குத் தொடர்ந்தார். எதிர்த்தரப்பில் இருந்தவர் டி.கே.சண்முகம். பாரதி எவர் ஒருவரின் உடைமையும் அல்லர் என்று அவர் நின்றார். சட்டப்படி பார்த்தால் சண்முகத்தின் பக்கம் வலுவில்லை. அன்று நடைமுறையிலிருந்த 1914ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் உரிமை உண்டு. பாரதி பாடல்கள் 1971 வரை வேலிக்குள் இருந்திருக்கும். முறையாக வாங்கியவர் மெய்யப்பன். ஆனால் விடுதலை பெற்ற மறு ஆண்டு அது. விடுதலையைப் பாடியவனின் பாட்டுக்கு ஒரு வணிகரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்ற கேள்வி ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. வ.ரா. தலைமையில் பாரதி விடுதலைக் கழகம் தோன்றியது. திருலோக சீதாராம், நாரண துரைக்கண்ணன், டி.கே.சண்முகம் ஆகியோர் திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாளைக் கண்டு, கணவரின் பாடல்கள் நாட்டுடைமையாவதற்கு அவர் இசைவைப் பெற்றுவந்தார்கள்.

அன்றைய முதல்வர் எங்கள் பழைய தென்னார்க்காட்டுக்காரர், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். திண்டிவனம் பக்கத்து விவசாயி. பாரதி 1918இல் சில வாரம் அடைபட்டிருந்த கடலூர்ச் சிறையும் இதே மாவட்டத்தில்தான் என்பதை ஊர்ப்பற்றோடு சொல்லிக்கொள்கிறேன். அரசு பாரதி பாடல்களைப் பெற விரும்புகிறது என்று ஓமந்தூரார் தெரிவித்தபோது, மெய்யப்பன் தம்மிடமிருந்த ஒலியுரிமையை ஈடு எதுவும் பெறாமல் அரசிடம் கொடுத்துவிட்டார். 1949 மார்ச்சில் கல்வியமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். அச்சுரிமைக்காக விசுவநாதனுக்குப் பதினையாயிரம் ரூபாயும், செல்லம்மாளுக்கும் மகள்கள் இருவருக்கும் ஐயாயிரம் வீதமும் அரசு அளித்தது. 1955இல் காமராசர் ஆட்சியில், அரசு தன்னிடமிருந்த உரிமையையும் துறந்து பாடல்களைப் பொதுவில் விட்டது. ஓர் எழுத்தாளனின் படைப்புகளை அரசே வாங்கி மக்களுக்குக் கொடுத்தது உலகில் அதற்குமுன் நிகழாதது என்பார் ஆ.இரா.வேங்கடாசலபதி. இந்த வரலாற்றை முழுமையாக அறிய விரும்புவோர் அவருடைய 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' நூலைப் படிக்கவேண்டும்.

மெய்யப்பன் கொடுத்தது கொடையா, பின்வாங்கலா? இரண்டு கட்சியும் உண்டு. செட்டிநாட்டு அறமரபில் வந்த கொடை என்பார் ஒருசாரார். ஊர் திரண்டுவிட்டது, அரசு எடுத்தே தீரும், கேட்டுக் கொடுத்தால் பெயராவது மிஞ்சும் என்ற கணக்கு என்பார் மறுசாரார். இரண்டும் சேர்ந்தே இருந்தன என்றுதான் எனக்குப் படுகிறது. நல்ல கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், எந்த நாளில் எந்தச் சரக்கு நட்டமில்லாமல் தானமாகும் என்று. பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பாட்டு நாம் இருவரிலேயே பலமடங்கு திரும்பியிருக்கும். இதனால் கொடை சிறுத்துவிடாது. விசுவநாதனுக்கு அரசு பணம் கொடுத்தது. கேட்டிருந்தால் இவருக்கும் கொடுத்திருக்கும். கேட்கவில்லை.

என் மனக்குறை வேறு. இந்தக் கதை முழுவதிலும் மிகக் குறைவாகப் பேசப்படுபவர் செல்லம்மாள். பிரசுராலயத்திடம் உரிமை போனபோதும், ஒலியுரிமை வணிகருக்குப் போனபோதும், அங்கிருந்து மெய்யப்பனிடம் பல மடங்கு விலைக்குப் போனபோதும் ஏறிய விலையில் அவருக்கு வந்த பங்கு எதுவுமில்லை. முடிவில் இசைவுக் கடிதம் வேண்டியபோதுதான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 1955இல், பாடல்கள் பொதுவுக்கு வந்த அதே ஆண்டில், அவர் மறைந்தார்.

எங்கள் ஊரின் பெயரையே தம் பெயராகக் கொண்ட ஒருவரும் இங்கே நினைவுக்கு வருகிறார். சொ.விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன், மெய்யப்பனுக்கு ஓராண்டு மூத்தவர். 1940களில் இருவரும் நின்றது ஒரே திரையுலகில்தான். ஒருவர் காதை முதலாக வைத்து நிலைத்தார். மற்றவர் பேனாவை முதலாக வைத்துப் படமெடுக்கப் போய், பாரதி விடுதலை இயக்கம் கிளம்பிய அதே 1948இல் காசநோயால் இறந்தார். அவர் எழுத்துகள் நாட்டுடைமையாக 2002 வரை ஆயிற்று.

மெய்யப்பனின் கல்விப் பணி என்றால் விருகம்பாக்கத்துப் பள்ளிகளைச் சொல்வார்கள். தந்தை பெயரில் அவிச்சி பள்ளி, மனைவி பெயரில் ராஜேஸ்வரி பள்ளி. சம்பாதித்தவர்கள் பள்ளி கட்டுவது நகரத்தார் மரபு; எங்களுக்குக் கிழக்கே சிதம்பரத்தில் அண்ணாமலை அரசர் 1929இல் இசைக்கல்லூரியும் பல்கலைக்கழகமும் கண்டது அந்த மரபின் உச்சம். ஆனால் கல்வி என்ற சொல்லைச் சற்று அகலமாக எடுத்துக்கொண்டால், இசைத்தட்டே ஒரு பள்ளிக்கூடம். அண்ணாமலையில் தண்டபாணி தேசிகரிடம் நேரில் அமர்ந்து கற்றவர்கள் சிலர். சாதியாலோ வறுமையாலோ தூரத்தாலோ அந்தத் திண்ணைக்கு வர இயலாதவர்கள் ஆயிரக்கணக்கானோர் தட்டைக் குருவாக வைத்து ஏகலைவர்களாகக் கற்றார்கள். டி.எம்.சௌந்தரராஜன் தம் இளமையில் தியாகராஜ பாகவதரைப் போலவே பாடிப் புகழ் பெற்றார் என்றால், அந்தப் பயிற்சியில் எத்தனை பங்கு தட்டுக்கும் திரைக்கும் உரியது! இந்த ஏகலைவர்களிடம் எவரும் கட்டைவிரல் கேட்கவில்லை. தட்டின் விலையை மட்டும் கேட்டார்கள். எது மலிவு என்று முடிவுசெய்வது எளிதன்று. காரைக்குடி வீட்டுக்கு எளிதான விலை, மணிமுத்தாற்றங்கரை உழவனுக்கு எட்டாத விலை. அவன் கேட்டது திருமண வீட்டுக் குழாயில்தான்.

பாடியவர்களின் கணக்கையும் பார்க்கவேண்டும். அக்காலப் பதிவுகளில் பாடகருக்கு ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்வது பரவலான வழக்கம். தட்டு எத்தனை ஆயிரம் விற்றாலும் குரல் கொடுத்தவருக்குக் கணக்கு முடிந்தது முடிந்ததுதான். பாடலாசிரியர்கள் நிலையும் அதுவே. இது மெய்யப்பன் ஒருவரின் வழக்கமன்று, தொழிலின் வழக்கம். இந்த அநீதியைச் சட்டம் திரும்பிப் பார்க்க 2012 ஆயிற்று. அந்த ஆண்டுத் திருத்தம், உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் வருமானத்தில் பங்கு உண்டு என்றது. 2017இல் தம் பாடல்களை மேடையில் பாட அனுமதி வேண்டும் என்று இளையராஜா எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு அறிவிப்பு அனுப்பியபோது தமிழுலகம் இரண்டுபட்டது. பாட்டு மக்களுடையது என்று அன்று வாதிட்டவர்களுக்கு 1948இன் சண்முகத்தைத் தெரிந்திருந்தால் வாதம் இன்னும் கூர்மையாகியிருக்கும். படைத்தவனுடையது என்றவர்களுக்குச் செல்லம்மாளைத் தெரிந்திருந்தால் அதுவும்தான். பில்ஹணன் வழக்கில் படைத்தவன் உயிரோடு இல்லை. வாங்கியவருக்கும் பாடுபவருக்கும் இடையேதான் வழக்கு. படைத்தவனே வந்து வாசலில் நிற்கும் வழக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதால்தான் அன்று அவ்வளவு கூச்சல்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் பாரதி விழா நடத்தினோம். ஒரு மாணவி பாரதி பாடல் ஒன்றைத் தன் சொந்தக் குரலில், பக்கவாத்தியம் ஏதுமின்றிப் பாடினாள். அதை இணையத்தில் ஏற்றிய இரண்டாம் நாள், அந்த இசை தங்களுக்கு உரிமையானது என்று ஒரு நிறுவனத்தின் பெயரில் அறிவிப்பு வந்து ஒலி முடக்கப்பட்டது. பழைய திரைமெட்டின் சாயல் அவள் பாட்டில் இருந்ததை ஏதோ இயந்திரம் கண்டுகொண்டிருக்கிறது. 'ஐயா, பாரதி பாட்டுக்குக் கூடவா?' என்று கேட்டாள். சொல் பொதுவுடைமை, மெட்டு வேறு, அதைப் பதிந்த தட்டு இன்னும் வேறு என்று மூன்றாகப் பிரித்து விளக்க எனக்கு ஒரு பாடவேளை பிடித்தது. ஓமந்தூரார் விடுவித்தது சொல்லையும், அதை ஒலிபரப்பவும் பதியவும் உள்ள உரிமையையும். ஒவ்வொரு பதிவின்மேலும் அதைச் செய்தவருக்குள்ள உரிமை தனி. நம் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் வெளியான மறு ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள்.

அந்தக் கணக்கின்படி பாரதியின் சொல் 1955இல் விடுதலையாயிற்று. 1947 பொங்கலுக்கு வந்த நாம் இருவர் படத்தில் பட்டம்மாள் பாடிய குரலின்மேல் இருந்த உரிமை 2007 டிசம்பர் 31ஆம் நாள் முடிந்தது.